மரப்பு ஊசி இல்லாமல் சுன்னத்து வேண்டாம்

ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தலைப்பிள்ளை, ஆண். பிறந்து 12 நாள், எடை 3 கிலோ 100 கிராம். நாற்பது கழிவதற்குள் சுன்னத்தை முடித்துவிடலாம் என்கிறார் அவருடைய உம்மா. மாமனாருக்கோ பேரனை 5 வயதில் குதிரையில் ஏற்றி, பந்தல் போட்டு, மார்க்கக் கல்யாணம் நடத்திப் பார்க்க ஆசை. பக்கத்து கிளினிக்கில் விசாரித்தபோது, "பச்சைப் பிள்ளைக்கு வலி தெரியாது. மரப்பு ஊசி போட்டால் அந்தக் குத்துக்குத்தான் கூட அழும். சீனித்தண்ணீரைத் தொட்டு வாயில் வைத்தால் போதும், 5 நிமிட வேலை" என்றார்களாம். இப்போதே செய்வதா, பிறகா? ஊசி வேண்டுமா, வேண்டாமா? இதுதான் அவர் கேள்வி.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊசி வேண்டும். இன்று செய்தாலும் 5 வயதில் செய்தாலும் மரத்துப்போக வைக்காமல் கத்தி படக்கூடாது. எந்த வயதில் என்பதை உங்கள் குடும்பம் பேசி முடிவு செய்யலாம், இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வலி விஷயத்தில் அப்படி இரண்டு பக்கம் கிடையாது.

நான் குழந்தைகளுக்கு அறுவை செய்கிற டாக்டர். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரன். எனக்கு 7 வயதில், ஒரு மே மாத லீவில் நடந்தது. காலையில் குளிப்பாட்டிப் புது வேட்டி உடுத்தினார்கள். ஒரு மாமா பின்னாலிருந்து என்னை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் காலை விரித்துப் பிடித்தார். சுன்னத்து செய்கிற நாவிதரான ஒசான் என் முகத்தைப் பார்த்து, "மேலே பாரு, ஓட்டில ஒரு கிளி" என்றார். நான் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் உரக்க ஸலவாத்து, அதாவது நபி மீதான வாழ்த்து, சொன்னார்கள். அது பரக்கத்துக்காக மட்டும் இல்லை, என் அலறல் அடுப்படியில் நின்ற உம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகவும்தான் என்று பிற்பாடு புரிந்தது. புண்ணில் ஏதோ சாம்பல் வைத்தார்கள். உடுப்பு உரசாமல் இருக்க, லுங்கியின் நடுவில் கயிறு கட்டி உத்தரத்திலிருந்து கூடாரம் மாதிரித் தொங்கவிட்டார்கள். அதற்குள் மல்லாந்து படுத்து, தினமும் அவித்த முட்டை தின்றுகொண்டு, மூத்திரம் வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு கிடந்தேன்.

அந்த ஒசானை நான் குறை சொல்லவில்லை. அவருக்குக் கை சுத்தம், வேகம். அந்த வேகம்தான் அன்றைக்கு இருந்த ஒரே வலிநிவாரணி. ஆயிரம் வருஷத்துக்கு முன் ஸ்பெயினின் கொர்தோவாவில் இருந்த அறுவை மேதை அஸ்ஸஹ்ராவி, சுன்னத்தைப் பற்றி எழுதும்போது கத்தரிக்கோலைப் பையன் கண்ணில் படாமல் மறைத்து வைக்கச் சொல்கிறார். ஓட்டில் உட்கார்ந்த கிளியும் அதே ரகம்தான். அவர்களுக்கு அதைத் தவிர வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது.

சரி, பச்சைப் பிள்ளைக்கு வலி தெரியாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? டாக்டர்களிடமிருந்துதான். 1980கள் வரைக்கும் உலகின் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே, குறைமாதக் குழந்தைகளுக்கு நெஞ்சைத் திறக்கும்போதுகூட, தசையை அசையவிடாமல் முடக்கும் மருந்தையும் லேசான வாயுவையும் மட்டும் கொடுத்து அறுவை செய்தார்கள். குழந்தை அசையாது, அழவும் முடியாது. இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த் அதைக் கேள்வி கேட்டார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு அந்த வழக்கமான முறை, இன்னொரு பிரிவுக்கு அதோடு ஃபெண்டனில் என்ற வலிமருந்து. மருந்து பெற்ற குழந்தைகளின் ரத்தத்தில் பதற்ற ஹார்மோன்கள் குறைவு, அறுவைக்குப் பின் வந்த சிக்கல்களும் குறைவு. 1987ல் இது வெளியானது. வலியை உணரும் நரம்பு வழிகள் பிறக்கும்போதே வேலை செய்கின்றன என்பதை அதற்குப் பிறகு யாரும் தீவிரமாக மறுத்ததில்லை. வலியைத் தணிக்கும் அமைப்புதான் பச்சைப் பிள்ளைக்கு இன்னும் முற்றியிருக்காது. உங்கள் கிளினிக்காரர் அதைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்.

சுன்னத்தையே நேராக எடுத்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. 1997ல் கனடாவிலிருந்து மட்டும் இரண்டு. டொராண்டோவில், சுன்னத்து செய்யாத குழந்தைகள், மரப்பு க்ரீம் தடவிச் செய்த குழந்தைகள், மருந்தில்லாத வெறும் க்ரீம் தடவிச் செய்த குழந்தைகள் என மூன்று கூட்டத்தையும் 4 அல்லது 6 மாதத்தில் தடுப்பூசி போடும்போது பார்த்தார்கள். வெறும் க்ரீம் கூட்டம்தான் அதிகம் அழுதது, செய்யாத கூட்டம் குறைவு, மரப்பு க்ரீம் கூட்டம் நடுவில். அதாவது மாதங்கள் கழிந்தும் உடம்பு மறக்கவில்லை. "குழந்தைக்கு ஞாபகம் இருக்காது" என்பவர்களிடம் இதை நான் சொல்வதுண்டு. இரண்டாவது ஆய்வு ஆல்பர்ட்டாவில் நடந்தது. எந்த மரப்பும் இல்லாத பிரிவில் இதயத் துடிப்பு ஏறியது ஏறியபடியே நின்றது. இரண்டு குழந்தைகளுக்கு மூச்சடைத்து, மூச்சு நிற்கிற அளவுக்குப் போனது. அதே ஆய்வில், உறுப்பின் தண்டைச் சுற்றி வளையமாகப் போட்ட மரப்பு ஊசி, தோலைப் பிரிப்பது முதல் வெட்டுவது வரை எல்லாக் கட்டத்திலும் வேலை செய்தது. க்ரீம் மட்டும் தடவியவர்களுக்கு, தோலைப் பிரித்து வெட்டுகிற அந்தக் கடுமையான கட்டத்தில் அது போதவில்லை.

சீனித்தண்ணீரை நான் ஒதுக்கவில்லை. 24 சதவீதக் கரைசலை 2 நிமிடம் முன்பே நாக்கில் விட்டால் குழந்தை அமைதியாகும். மரப்பு ஊசி போடுகிற அந்தக் குத்துக்கு அது நல்ல துணை. ஆனால் 2010ல் லண்டனில் குதிகாலில் ரத்தம் எடுக்கும்போது மூளையின் அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். சர்க்கரை கொடுத்த குழந்தையின் முகம் குறைவாகச் சுளித்தது, மூளைக்குள் வலிக்கான எதிர்வினை அப்படியே இருந்தது. ஒரு குதிகால் குத்துக்கே இப்படி. வெட்டுக்கு அதை மட்டும் நம்பினால் அது பார்க்கிற நமக்குத்தான் ஆறுதல்.

ஊசியின் குத்தே பெரிய வலி என்ற வாதத்துக்கு வருகிறேன். குத்து உண்மை, குழந்தை அழும். நான் பயன்படுத்துவது இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிய ஊசி. மருந்து 1 சதவீத லிக்னோகெய்ன், அட்ரினலின் கலக்காதது. கலந்த பாட்டிலை இந்த இடத்தில் தொடவே கூடாது, ரத்த ஓட்டம் தடைபடலாம். உறுப்பு உடம்போடு சேரும் இடத்தில், கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் மணி 10, மணி 2 இருக்கும் இடங்களில் 0.4 மில்லி வீதம். இரண்டு குத்து, சில விநாடி அழுகை. பிறகு காத்திருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஊசியைப் போட்ட கையோடு, தோலைக் கவ்வி வெட்ட உதவும் கிளாம்பை எடுப்பார்கள். மருந்து நரம்பில் இறங்குவதற்குள் வெட்டினால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடம் நிற்பேன். அந்த நேரத்தில் நர்ஸ் குழந்தையின் வாயில் சீனித்தண்ணீர் நனைத்த பஞ்சை வைத்துக்கொண்டிருப்பார். பிறகு இடுக்கியால் தோலை மெல்லக் கிள்ளிப் பார்ப்பேன். குழந்தை பஞ்சைச் சப்புவதை நிறுத்தினால் இன்னும் காத்திருப்பேன். சப்பிக்கொண்டே இருந்தால் ஆரம்பிப்பேன்.

இத்தனை செய்தும் சில குழந்தைகள் நடுவில் சிணுங்கும். எந்த முறையும் வலியை நூற்றுக்கு நூறு அழிப்பதில்லை, அதை மறைக்க மாட்டேன். காலைக் கட்டியிருப்பதற்கும் குளிருக்கும்கூட அழும். அதனால் மேல் உடம்பைத் துணியில் சுற்றி, அறையைக் கதகதப்பாக வைத்து, க்ரீமும் ஊசியும் சீனித்தண்ணீருமாகச் சேர்த்துச் செய்வதுதான் நல்லது. க்ரீம் என்றால் ப்ரிலாக்ஸ் மாதிரி இரண்டு மரப்பு மருந்து கலந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டும். வீட்டிலேயே வாங்கித் தாராளமாகத் தடவிக்கொண்டு போகாதீர்கள். பச்சைப் பிள்ளையின் தோல் அதை அதிகம் உறிஞ்சினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். அளவை ஆஸ்பத்திரியில் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பாரசிட்டமால் சொட்டு வெட்டும்போது உதவாது, சில மணி நேரம் கழித்து வரும் எரிச்சலுக்குத்தான் உதவும்.

அப்புறம், செய்வதா வேண்டாமா என்பதையே யோசிக்கும் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும். மருத்துவக் காரணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் தட்டு ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. சிறுநீர்த் தொற்று குறைகிறது, ஆனால் ஒரு தொற்றைத் தடுக்க ஏறக்குறைய 110 பையன்களுக்குச் செய்ய வேண்டும். ஆப்பிரிக்காவில் வளர்ந்த ஆண்களிடம் செய்த சோதனைகளில் எச்ஐவி தொற்று 60 சதவீதம் வரை குறைந்தது. அதை வைத்து ஒரு கைக்குழந்தைக்கு அவசரம் என்று சொல்ல முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012ல் நன்மை அதிகம், ஆனால் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை என்றது. கனடாச் சங்கம் 2015ல் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது. இரண்டும் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு: செய்தால் வலிநிவாரணம் கட்டாயம். ஜெர்மனியிலும் இதே கதைதான். கொலோன் நகரில் 4 வயது முஸ்லிம் பையனுக்குச் சுன்னத்துக்குப் பின் ரத்தம் கசிந்து, வழக்காகி, 2012ல் நீதிமன்றம் அதைக் குற்றம் என்றே சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பெற்றோருக்கு அனுமதி கொடுத்தது, மருத்துவ நெறிப்படி, சரியான வலிநிவாரணத்தோடு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு.

உங்கள் வீட்டில் காரணம் மார்க்கம். அதுவே போதும், அதற்கு மருத்துவச் சாக்கு தேட வேண்டியதில்லை. வயதைப் பொறுத்தவரை, மார்க்கச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபில் இது வாஜிபு, அதாவது கட்டாயம். 7ம் நாள் விரும்பத்தக்கது, பருவமடைவதற்குள் முடித்திருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபினருக்கு இது நபிவழி என்ற பொருளில் சுன்னத்து. இந்த வயதில்தான் என்று யாரையும் கட்டிப்போடவில்லை, மரத்துப்போக வைப்பதைத் தடுக்கவும் இல்லை. உங்கள் ஆலிமிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதே செய்வதில் என்ன லாபம்? தோல் மெல்லியது, பெரும்பாலும் தையல் வேண்டாம், ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். முழு மயக்கம் தேவையில்லை, மரப்பு ஊசி போதும். 2010ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் கைக்குழந்தைகளிடம் சிக்கல் 100க்கு 1 அல்லது 2, பெரிய பையன்களிடம் 6 அளவில் இருந்தது. பெரும்பாலும் சின்னச் சிக்கல்கள்தான். 2 மாதம் தாண்டிவிட்டால் நிலைமை மாறும். குழந்தை முறுக்கும், உதைக்கும், விழித்திருக்கும் பிள்ளையை அசையாமல் பிடிக்க முடியாது. அப்போது பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் முழு மயக்கம் கேட்பார்கள். ஆக உங்கள் முன் இருப்பது முதல் சில வாரங்கள், இல்லையென்றால் சில வருஷங்கள் கழித்து.

5 வயதில் செய்வதும் தப்பில்லை. மயக்க மருத்துவர் உள்ள ஆஸ்பத்திரியில், முழு மயக்கத்தோடு நரம்புக்கும் மரப்பு ஊசி போட்டால் பையன் விழித்தெழும்போது அந்த இடம் மரத்தே இருக்கும். சோறு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும். அவனிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லலாம், அது பெரிய வசதி. "பிரியாணி சாப்பிடப் போகிறோம்" என்று ஏமாற்றிக் கூட்டிப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வெள்ளைக்கோட்டு போட்ட எவனையும் அவர்கள் நம்புவதில்லை. மாமனாரின் பந்தலிலேயே, வீட்டு முற்றத்தில் செய்கிற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், நீங்கள் சொன்ன எடைக்கும் நாளுக்கும், கீழே சொல்கிற சோதனைகளில் தேறினால், இப்போதே செய்துவிடச் சொல்வேன்.

முதலாவது, துணியை அவிழ்த்து டாக்டர் நன்றாகப் பார்க்க வேண்டும். சில வீடுகளில் "பிள்ளை சுன்னத்தோடயே பிறந்திருக்கு" என்று சந்தோஷப்படுவார்கள். முன்தோல் மேலே மட்டும் முக்காடு போட்ட மாதிரி இருக்கும், கீழே இருக்காது. சிறுநீர் வரும் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருக்கும். இது சில நூறு ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் பிறவிக் குறை. பின்னால் துளையைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் துணி. அதை வெட்டிவிட்டால் தையல்காரனிடம் துணியே இல்லாமல் சட்டை கேட்ட கதை. அப்படி இருந்தால் யார் சொன்னாலும் சுன்னத்து செய்யாதீர்கள், குழந்தை அறுவை மருத்துவரிடம் போங்கள்.

இரண்டாவது, ரத்தம். உங்கள் உம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: அவருடைய சகோதரர்கள், உங்கள் சகோதரர்கள், சாச்சி பெரியம்மா பிள்ளைகள் யாருக்காவது பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா, முட்டி வீங்கியிருக்கிறதா? ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோய் தாய்வழியில் வரும், ஆண்களிடம் வெளிப்படும். மரபணு என்ற பேச்சே இல்லாத காலத்தில் யூதர்களின் மார்க்கச் சட்ட நூலான தல்மூது இதைக் கண்டுபிடித்திருக்கிறது. இரண்டு பிள்ளைகள் சுன்னத்தில் இறந்திருந்தால் அடுத்த பிள்ளைக்குச் செய்யாதே என்கிறது. அக்கா தங்கைகளின் பிள்ளைகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறது. பிறந்தபோது வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். காய்ச்சல், கடுமையான மஞ்சள்காமாலை, பால் சரியாகக் குடிக்காமை இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

கருவி எது என்று பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். காம்கோ கிளாம்பு, பிளாஸ்டிக் வளையம் விட்டுக் கட்டும் பிளாஸ்டிபெல், எது கைப்பழக்கமோ அது. "லேசர்" என்று போர்டு வைத்திருந்தால் என்ன கருவி என்று கேளுங்கள். பல இடத்தில் அது மின்சாரச் சூட்டுக்கோல்தான். உலோகக் கிளாம்போடு அதைச் சேர்த்தால் உறுப்பே கருகிய சம்பவங்கள் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் பால் கொடுங்கள், அதுவே நல்ல வலிமருந்து. ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் வாஸ்லின் தாராளமாகத் தடவுங்கள். இரண்டு மூன்று நாளில் மொட்டின் மேல் மஞ்சளாக ஒரு படலம் வரும். சீழ் இல்லை, ஆறுகிற தோல், தேய்த்து எடுக்காதீர்கள். சாம்பல், பவுடர், மஞ்சள் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிபெல் வளையம் ஒரு வாரத்தில் தானாக விழும். ரத்தம் துணியில் பத்து ரூபாய் நாணயத்துக்கு மேல் பரவினால், 12 மணி நேரம் மூத்திரம் போகாவிட்டால், காய்ச்சல் அடித்தால், சிவப்பு வயிற்றுப் பக்கம் ஏறினால் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாமனார் விஷயம். அவருக்கு வேண்டியது கத்தி இல்லை, குதிரையும் ஊரும்தான். பேரன் ஓதத் தொடங்கும் நாளில் அந்தக் குதிரையைக் கொண்டுவரலாம். அன்றைக்குப் பையன் சிரித்துக்கொண்டே உட்காருவான், லுங்கிக் கூடாரத்துக்குள் படுத்திருக்க மாட்டான்.

நாளைக்குக் கிளினிக்கில் பேசும்போது "மரப்பு ஊசி போடுவீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள், போடுவோம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "ஊசி போட்டபின் எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள், மரத்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்" என்று கேளுங்கள். மொத்தமே 5 நிமிட வேலைதானே என்று மறுபடியும் சொன்னால், சலாம் சொல்லி போனை வைத்துவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள்.